அமுக்கு, புடி, உடு

வெயில் ஏறத் தொடங்கிய வாரத்தில் வீட்டு ஏசி நின்றுபோனது. வந்த மெக்கானிக் சின்னப் பையன். பால்கனியில் குத்தவைத்து உட்கார்ந்து, கேஸ் எங்கே கசிகிறது என்று சோப்பு நுரை தடவிப் பார்த்தான். இடம் தெரிந்ததும் பைப்பின் கெட்டுப்போன நுனியை வெட்டினான். வெட்டுவதற்கு ஆக்ஸா பிளேடு இல்லை. சிறு சக்கரம் வைத்த கட்டர். அதைக் காப்பர் பைப்பில் மாட்டி, ஒரு சுற்றுக்கு ஒரு இறுக்கு என்று நிதானமாகச் சுழற்றினான். பைப் சத்தமில்லாமல் இரண்டாக விலகியது. பிறகு அதை இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவே கவ்வக் கொடுத்து, மேலே கூம்பு முனை வைத்த திருகைப் பொருத்தினான். கைப்பிடியைத் திருக ஆரம்பித்ததும் லேசாக ஒரு கிறீச்.

"நட்டு போட்டியாப்பா?" என்றேன். நான் கேட்கவில்லை, வாய் கேட்டுவிட்டது.

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "அது மொதல்லயே போட்டாச்சு சார். நீங்களும் இந்த லைனா?"

வங்கியில் லெட்ஜரும் கையெழுத்தும் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கேள்விக்குச் சொந்தக்காரர் வேறு ஒருவர். ராயப்பேட்டையில் ஒரு முட்டுச் சந்தில் பட்டறை வைத்திருந்தார். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் என் அப்பாவிலிருந்து எதிர்வீட்டு வக்கீல்வரை எல்லோருக்கும் அவர் 'பாய்'தான். பட்டறைப் பையன் எவனாவது பைப்பைக் கவ்வியில் வைத்தால் போதும், தான் எந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தாலும் அங்கிருந்தே குரல் வரும்: "டேய், நட்டு போட்டியா?" பைப்பின் இரண்டு வாயையும் விரித்த பிறகு நட்டை உள்ளே விட வழியே கிடையாது. விரித்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அளவெடுத்து வெட்டிய பைப் அதற்குள் குட்டையாகிப் போயிருக்கும்.

எங்களுடையது ஸ்டாண்டர்ட் ஹெரால்ட். வெளிர் நீலம், இரண்டு கதவு. அப்பா இரண்டாம் கையாக வாங்கியது. அந்தக் காலத்தில் இந்தியாவில் கார் வாங்க நினைத்தவர்களுக்கு மூன்று வாசல்கள்தாம்: கல்கத்தாவை ஒட்டிய உத்தர்பாராவிலிருந்து அம்பாஸடர், பம்பாய் குர்லாவிலிருந்து ஃபியட், நம்மூர் வண்டலூரிலிருந்து ஸ்டாண்டர்ட். இத்தாலிக்காரரான ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்து, இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் வெளிவந்த வண்டி அது. 1961-லிருந்து மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரானது. பின்னாளில் அதற்கு நான்கு கதவு வைத்தும் இங்கே செய்தார்கள். அது இங்கிலாந்துக்காரர்களுக்கே வாய்க்காதது.

அதன் முன்பக்கம், மட்கார்டுகளையும் சேர்த்து, அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். திறந்தால் எஞ்சின் நட்ட நடுவில் நிற்கும், சுற்றிலும் காற்று. முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாய்க்கு அந்த வண்டிமேல் தனிப் பிரியம் வந்ததற்கு அதுதான் காரணம். "மத்த வண்டிக்கெல்லாம் நான் குனியணும் சார். இது எனக்கு உக்கார எடம் போட்டுக் குடுக்குது" என்பார். இன்னொரு குணமும் உண்டு. 25 அடி வட்டத்துக்குள் முழுதாகத் திரும்பிவிடும். பாயின் முட்டுச் சந்தில் பின்னால் எடுக்காமல் திரும்பி வெளியே போகிற ஒரே கார் எங்களுடையதுதான்.

வண்டிக்கு எது வேண்டுமானாலும் ஊருக்குள்ளேயே கிடைத்த காலம் அது. பிரேக் சாமானுக்குப் பாடி; டி.வி.எஸ். குழுமம் இங்கிலாந்தின் லூகாஸோடு சேர்ந்து 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா அங்கே இருந்தது. டயருக்கும் பிரேக் லைனிங்குக்கும் அம்பத்தூர். கடையில் வாங்க வேண்டுமென்றால் பாயின் பட்டறையிலிருந்து நடந்தே போகக்கூடிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. புதிதாக வாங்கக் கட்டாதவர்களுக்குப் புதுப்பேட்டை. சாமான் பெயர் சொன்னால் தெருவைச் சொல்வார்கள். தெருவுக்குப் போனால் கடையைச் சொல்வார்கள்.

ஆனால் பிரேக் பைப்பை மட்டும் அப்படியே எடுத்து மாட்டுகிற மாதிரி யாரும் விற்றதாக நினைவில்லை. பைப் சுருளாக வரும். வெட்டுவதும் வளைப்பதும் வாய் விரிப்பதும் பட்டறையின் வேலை.

ஒருநாள் சிக்னலில் நிற்கும்போது பெடல் காலுக்கடியில் மெல்ல மெல்ல இறங்குவதாக அப்பாவுக்குத் தோன்றியது. அழுத்தினால் பிடிக்கிறது, பிடித்துக்கொண்டே இருந்தால் நழுவுகிறது. அப்பா கணக்குப்பிள்ளை. ஐந்து பைசா குறைந்தாலும் தேடுகிறவர். நேராகப் பாயிடம் விட்டார். பாய் வண்டிக்கு அடியில் போய், பின் சக்கரத்துக்குப் போகும் பைப்பைப் பனியன் துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். துணியில் துருவும் ஈரமும் சேர்ந்து வந்தன.

"கடல் காத்து சார். நீங்க சாந்தோமு. வெளியேருந்து அது திங்குது, உள்ளேருந்து ஆயிலு திங்குது."

அப்பாவுக்கு அது புரியவில்லை. எண்ணெய் இருக்கிற இடத்தில் துரு எப்படிப் பிடிக்கும்? அன்றைக்குப் பாய் சொன்னதை நான் பல வருஷம் கழித்துத்தான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். பிரேக் ஆயில் என்று நாம் சொல்வது எண்ணெயே இல்லை. கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர் குழாய் வழியாகக்கூட இழுத்துக் குடிக்கும். குடித்த ஈரம் எஃகுக் குழாயை உள்ளிருந்து அரிக்கும். அதோடு கொதிநிலையும் இறங்கிவிடும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதி 140 டிகிரியோடு நின்றுகொள்கிறது. மெட்ராஸ் மாதிரி வியர்க்கிற ஊரில் டப்பாவைத் திறந்து வைத்தாலே பாதி கெட்ட மாதிரி. அதனால்தான் பாய் சின்ன டப்பாவாக வாங்குவார். மீந்ததை அடுத்த வண்டிக்கு வைக்க மாட்டார். பையன்கள் அதை வீணென்று நினைத்தார்கள்.

"ஒரு பைப்தானே பாய் போயிருக்கு?" என்றார் அப்பா.

"மீதிக்கும் அதே வயசுதானே சார்."

அந்தக் காலத்து ஹெரால்டில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பாதைதான். பெடல் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரு பைப் இறங்கும். பித்தளை யூனியனில் பிரிந்து முன்சக்கரங்களுக்குப் போகும். ஒரு நீளமான பைப் சேஸிஸை ஒட்டியபடி பின்னால் ஓடி, அங்கே ஒரு டீயில் மறுபடி பிரியும். இந்தப் பாதையில் எங்கே ஒரு ஊசிமுனை ஓட்டை விழுந்தாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து கைவிட்டுவிடும். மிச்சம் இருப்பது கேபிளில் இழுபடும் ஹேண்ட் பிரேக் மட்டும். இன்றைய கார்களில் இரண்டு தனிப்பாதைகள் இருக்கின்றன. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும். அன்றைக்கு ஒரே ஒன்றரை நூல் பைப்பை நம்பித்தான் குடும்பம் குடும்பமாக ஊர் சுற்றினோம்.

அப்பா காப்பர் பைப் போடலாமே என்றார். துருவே பிடிக்காதே. கடையில் பளபளவென்று தொங்கிய சுருளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பாய் யோசிக்கவே இல்லை.

"காப்பர் கையால வளையும் சார், வேல சுலுவு. ஆனா ஆடி ஆடி களச்சிடும். வண்டி பூரா ஆடுற சாமான்."

செம்பைத் திரும்பத் திரும்ப அசைத்தால் இறுகும், இறுகினால் விரிசல் விடும் என்பது உலோகம் படித்தவர்கள் சொல்வது. 'களைச்சிடும்' என்ற ஒரே சொல்லில் பாய் அதை முடித்துவிட்டார். எஃகு பைப்தான் வாங்கினோம்.

பைப் செய்கிற நாள் பட்டறையில் விசேஷ நாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லாத நாளாக அப்பா பார்த்துக்கொள்வார். பழைய பைப்பைக் கழற்றும்போதே பாதி வித்தை இருந்தது. யூனியன் நட்டின் மூலைகள் துருவில் மழுங்கியிருக்கும். சாதாரண ஸ்பானர் போட்டால் வழுக்கி உருண்டையாகிவிடும். பாயிடம் அதற்கென்று ஒரு ரிங் ஸ்பானர் இருந்தது. வளையத்தில் பைப் நுழைகிற அளவுக்கு அவரே அறுத்து வாய் வைத்தது. கடைகளில் அந்த மாதிரி ஸ்பானர் விற்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அவர் செய்தது ஒரு மாலை நேரத்தில், அரம் வைத்து.

கழற்றிய பைப்பை எறிய மாட்டார்கள். தரையில் கோணிமேல் வைத்து, பக்கத்தில் கட்டுக்கம்பியை அதே வளைவுகளோடு படியவைத்து, பிறகு கம்பியை நீட்டி அளவெடுப்பார்கள். இரண்டு முனைக்கும் கொஞ்சம் சேர்த்து வெட்டுவார்கள். வெட்டிய வாயின் உள்பிசிறைச் சுரண்டி எடுத்து, ஊதி, நட்டைக் கோத்து, "நட்டு போட்டாச்சு பாய்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் கவ்வியில் வைக்க வேண்டும்.

ஏசிப் பையன் பால்கனியில் செய்ததற்கும் பாய் செய்ததற்கும் இங்கேதான் வித்தியாசம். ஏசி பைப்புக்கு வாயை ஒருமுறை விரித்தால் போதும். பிரேக் பைப்புக்கு இரண்டு வேலை. முதலில் ஒரு பொத்தான் மாதிரிக் கட்டையை வாயில் வைத்துத் திருகினால் நுனி புடைத்து நிற்கும். கட்டையை எடுத்துவிட்டுக் கூம்பை இறக்கினால், புடைத்த பாகம் உள்பக்கமாக மடிந்து படியும். வேட்டி ஓரத்தை மடித்துத் தைப்பதுபோல் வாயில் உலோகம் இரட்டையாக நிற்கும். அவசரமாக ஒருவர் பிரேக்கை மிதிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டிவிடும். ஒற்றை மடிப்பு அங்கே வெடித்துவிடும்.

விரித்த வாயைப் பாய் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். பிறகு கட்டைவிரல் நகத்தால் அதன் விளிம்பைச் சுற்றி வருவார். நகம் எங்கேயாவது தட்டினால், பேசாமல் வெட்டிப் போட்டுவிட்டு, பைப்பைப் பையன் கையில் திருப்பிக் கொடுப்பார். திட்டு கிடையாது. ஒரே ஒரு தவறுக்கு மட்டும் அடி விழும்: பிரேக் சாமானை மண்ணெண்ணெயில் கழுவுவது. மண்ணெண்ணெயோ எஞ்சின் ஆயிலோ ஒரு சொட்டுப் பட்டால் சிலிண்டருக்குள்ளிருக்கும் ரப்பர் ஊதிப்போகும். பிரேக் சாமானைப் பிரேக் ஆயிலிலோ ஸ்பிரிட்டிலோதான் கழுவ வேண்டும். அதற்கென்று தனிக் கிண்ணம், தனித் துணி.

வளைப்பதற்குக் கருவி என்று எதுவும் இல்லை. பழைய பேரிங்கின் வளையம் ஒன்று வைஸில் கடித்தபடி இருக்கும். அதைச் சுற்றிக் கட்டைவிரல்களால் தள்ளித் தள்ளி வளைப்பார். பைப் நசுங்கவே நசுங்காது. சைலன்ஸரிலிருந்து எத்தனை விரல் தள்ளிப் போக வேண்டும், ரப்பர் குழாய் சேரும் இடத்தில் சக்கரம் திரும்பினால் உரசுமா, சேஸிஸின் எந்தக் காதில் கிளிப் மாட்ட வேண்டும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். நட்டை முதலில் விரலால்தான் சுற்ற வேண்டும். விரலில் ஏறாத நட்டில் ஸ்பானர் வைக்கக் கூடாது.

பைப் எல்லாம் ஏறிய பிறகு காற்றெடுக்கிற வேலை. எனக்கு உத்தியோகம் அங்கேதான்.

பிரேக் ஆயில் அழுத்தத்தை அப்படியே கடத்தும். காற்றோ தானே சுருங்கிக்கொள்ளும். குழாயில் ஒரு குமிழ் நின்றாலும் பெடல் பஞ்சாக அமுங்கும். அதனால் மாஸ்டர் சிலிண்டருக்கு வெகுதூரத்திலிருக்கும் பின் இடது சக்கரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொன்றாகக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டு முன்னால் வர வேண்டும். இதைத் தனி ஆளாகச் செய்ய முடியாது. ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். சக்கரத்தின் நிப்பிளில் ஆஸ்பத்திரி டிரிப்ஸ் டியூபை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் மூழ்கவைத்துவிட்டுப் பாய் படுத்துக்கொள்வார். நான் சீட்டின் விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, காலை நீட்டிப் பெடலைத் தொடுவேன்.

"அமுக்கு."

அமுக்குவேன்.

"புடி."

பிடித்துக்கொள்வேன். அவர் நிப்பிளைத் திறப்பார். காலுக்குக் கீழே பெடல் திடீரென்று இளகித் தரைவரைக்கும் போகும். அந்த இடத்தில்தான் கட்டுப்பாடு வேண்டும். நிப்பிளை மூடுமுன் காலை எடுத்தால், போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். தொடை நடுங்க நடுங்கப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

"உடு."

அவர் முகம் எனக்குத் தெரியாது. என் கால் அவருக்குத் தெரியாது. நடுவே டப்பாவும் கையுமாக அப்பா. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் காலியாகாமல் ஊற்றிக்கொண்டே இருப்பது அவர் பொறுப்பு. சிந்தினால் பெயின்ட்டைத் தின்றுவிடும் என்பதால் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பட்ட இடத்தில் உடனே ஊற்றினால் ஆயில் தண்ணீரோடு போய்விடும். வீட்டில் அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை. மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போதுகூட ஒரு வார்த்தை வராது. பட்டறையில் மட்டும் பாட்டிலைப் பார்த்து வர்ணனை சொல்வார்: "இன்னும் குமிழ் வருது... சின்னதா... ஒண்ணே ஒண்ணு... இப்ப சுத்தம்." பெடல் கல்லாக நின்றதும், "தம்பி காலு கெட்டிக் காலு" என்பார் பாய். அந்தப் பாராட்டைப் பல நாள் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அதன்பிறகு ஒரு சோதனை. முழு பலத்தோடு மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு நட்டாக விரலால் தடவிக்கொண்டு வருவார். விரல் உலர்ந்தபடியே வந்தால் சக்கரத்தை மாட்டலாம். மாட்டிய பின் முதல் ஓட்டம். அதில் பாய்க்கு ஒரு சட்டம் இருந்தது: பைப் போட்டவன் மட்டும்தான் வண்டியில் இருக்க வேண்டும்.

அப்பா ஒருமுறை கதவைத் திறந்து உட்காரப் போனார். "என் வண்டிதானே பாய்" என்றார்.

"வண்டி உங்க வண்டி சார். பைப் என் பைப். நீங்க எறங்குங்க."

சந்து முனைவரைக்கும் ஊர்ந்து போவார். ஒரு மிதி. திரும்பி வரும்போது கொஞ்சம் வேகமாக, இன்னொரு மிதி. பிறகு ஹேண்ட் பிரேக் மட்டும் இழுத்து ஒருமுறை. இறங்கி வந்து மறுபடி அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் சாவி அப்பா கைக்குப் போகும். கூலியும் அதற்கு அப்புறம்தான். முன்னால் கொடுத்தால் வாங்க மாட்டார்.

அந்தப் பைப்புகளோடு ஏற்காடு போனோம். 20 கொண்டை ஊசி வளைவுகள். "ஏறின கியர்லயே எறங்குங்க சார், பிரேக்க நம்பி எறங்காதீங்க" என்று பாய் சொல்லி அனுப்பியிருந்தார். பைப்பைத் தன் கையால் செய்து மாட்டியவரே பிரேக்கை நம்பாதே என்கிறாரே என்று அம்மாவுக்குக் கவலை. இறங்கும்போது ஒரு வளைவில் ஒரு கார் ஓரங்கட்டி நின்றது. லைனிங் காய்ந்த நெடி எங்கள் வண்டிக்குள்ளும் வந்தது. அதன் டிரைவர் பெடலை மிதித்து மிதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சூட்டில் ஆயில் கொதித்து ஆவியானால் இப்படித்தான், பெடல் தரையைத் தொடும். நிழலில் ஆறவிட்டால் திரும்பி வந்துவிடும். அப்பா நிறுத்திப் பேசி, அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, இரண்டாவது கியரிலேயே உறுமிக்கொண்டு இறங்கினார். அடிவாரம் வந்ததும் அம்மாதான் முதலில் சொன்னாள், பாய்க்கு ஒரு கிலோ காப்பிக்கொட்டை வாங்கிக்கொள்ளலாம் என்று.

பாயின் பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போனார்கள். பட்டறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. அதன் கீழ்த்தளத்தில் கார்கள் சும்மா நிற்கின்றன. இன்றைக்குச் சர்வீஸ் சென்டரில் வண்டியைக் கொடுத்தால் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோபாவில் உட்காரவைத்துக் காப்பி தருகிறார்கள். சில வண்டிகளில் காற்றெடுப்பதற்குக் கம்ப்யூட்டரையே மாட்ட வேண்டியிருக்கிறது. வேலை சுத்தம்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. யார் செய்தார் என்பது மட்டும் கடைசிவரை தெரியாது.

பாய் இல்லாத பிறகு பிரேக் வேலை எங்கள் போர்டிகோவுக்கு வந்தது. இப்போது அடியில் நான். ஓய்வு பெற்ற அப்பா பெடலில். அவருக்கு அதற்குள் காது மந்தமாகிவிட்டிருந்தது. நான் 'விடு' என்று கத்துவது தெருமுனைப் பெட்டிக்கடைக்குக் கேட்கும், அவருக்குக் கேட்காது. கடைசியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தரைத்தகட்டின் அடியில் ஸ்பானரால் ஒரு தட்டு தட்டினால் அமுக்க வேண்டும். இரண்டு தட்டினால் விட வேண்டும். காதுக்கு எட்டாதது காலுக்கு எட்டியது. அம்மா ஜன்னலிலிருந்து, "அப்பாவும் பிள்ளையும் தந்தி அடிச்சுக்கிறீங்களா?" என்பாள். எங்களுக்குள் அவ்வளவு சரளமாக வேறு எந்தப் பேச்சும் நடந்ததில்லை.

அப்பாவுக்குப் பிறகு வண்டி பல காலம் உறைக்குள்ளேயே நின்றது. அதை எழுப்ப வேண்டும் என்று ஆரம்பித்தவள் என் மகள். கம்ப்யூட்டர் வேலை, வார நாளெல்லாம் திரையைப் பார்க்கிறவளுக்குச் சனிக்கிழமை கையில் கிரீஸ் வேண்டியிருந்தது. உறையை எடுத்துப் பார்த்தால் பைப்புகளெல்லாம் மறுபடி துரு. இந்த முறை எஃகும் வேண்டாம், வெறும் காப்பரும் வேண்டாம் என்று அவளே படித்துச் சொன்னாள். செம்பில் பத்து பங்குக்கு ஒரு பங்கு நிக்கல் கலந்த பைப் இருக்கிறது. துருவும் பிடிக்காது, பாய் சொன்ன களைப்பும் அவ்வளவு வராது. 25 அடிச் சுருளாக வந்தது. வண்டி திரும்பும் வட்டமும் அதே 25 அடி என்று சொன்னேன். "ரொம்ப முக்கியம்பா" என்றாள்.

அவளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வளைப்பதற்குச் சின்னதாக ஒரு கருவியும் வாங்கி வைத்திருந்தாள். ஆனால் கட்டுக்கம்பியில் அளவெடுக்கிற வித்தை அவள் பார்த்த எந்த வீடியோவிலும் இல்லை. விரித்த வாயை நகத்தால் தடவிப் பார்ப்பதும் இல்லை. அவள் தட்டுகிறது என்று இரண்டை வெட்டிப் போட்டாள். எனக்கு ஒன்றும் தட்டவில்லை. வயதான நகத்தைவிட அவள் நகத்தை நம்பினேன்.

காற்றெடுக்க, ஒரே ஆள் செய்யும்படியான கைப்பம்பு ஒன்றையும் வரவழைத்திருந்தாள். நிப்பிளில் மாட்டி உறிஞ்சினால் ஆயில் தானே வரும். வந்தது. குமிழும் வந்தது. வந்துகொண்டே இருந்தது. உறிஞ்சுகிற வேகத்தில் நிப்பிளின் மரை வழியாகவே வெளிக்காற்றும் உள்ளே போகிறது. எது குழாய்க்குள் இருந்த காற்று, எது புதிதாகப் போன காற்று என்று பிரிக்க முடியவில்லை. அவள் பம்பை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் முட்டி வலியைச் சொல்லிக்கொண்டு பெடலுக்குப் போனேன். அவள் அடியில் படுத்தாள்.

"அப்பா, அமுக்கு... பிடி... விடு."

என் கால் அதற்குள் பழையபடி கீழ்ப்படிந்துவிட்டது. வேலை முடிந்தது, பெடல் கல்லாக நின்றது. முழு பலத்தோடு மிதித்துப் பிடித்தேன். அவள் ஒவ்வொரு நட்டையும் தடவிக்கொண்டு வந்து உலர்ந்த விரலைக் காட்டினாள். சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்கினோம். நான் கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். பாயின் சட்டத்தை அவளிடம் பெருமையாகச் சொல்லியும் முடித்தேன். முதல் ஓட்டத்தில் வேறு யாரும் ஏறக் கூடாது.

"பைப் போட்டவங்கதான ஓட்டணும்?" என்றாள்.

"ஆமா."

"இதுல நீ போட்டது எது?"

எண்ணிப் பார்த்தேன். முன்னால் ஒன்றுக்கு நான் கிளிப் மாட்டியிருந்தேன். என் வண்டி என்று சொல்லலாம்தான். அந்த வாதத்தை அப்பாவே வைத்துத் தோற்றிருக்கிறார். இறங்கிச் சாவியைக் கொடுத்தேன். ஹேண்ட் பிரேக்கை மட்டும் மறந்துவிடாதே என்றேன்.

"தெரியும்பா. தள்ளி நில்லு" என்று வண்டியை எடுத்தாள்.